நான் மதினியாக நின்ற நாட்கள்

அண்ணாச்சி தன் ஆயுசில் யாருடைய வெளிச்சத்தையும் மறைத்ததில்லை.

இதில் தத்துவம் ஒன்றும் கிடையாது. நிஜமான வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்போம். வாசல் பக்கம் அவர் இருப்பார். உள்ளே யாராவது பேப்பரை விரித்தால் போதும், டம்ளரோடு எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொள்வார்.

"ஏன் அண்ணாச்சி எந்திரிச்சிட்டிய?"

"காலு மரத்துப்போச்சு."

அவருக்குக் கால் மரத்துப்போகாத டீக்கடை தென்காசியில் இல்லை. கோயிலில் தீபாராதனை சமயத்திலும் தூணோடு தூணாக ஒட்டி நிற்பார். நல்ல உயரமான மனுஷன். பின்னால் நிற்கிற என்னைப் போன்றவர்கள் அவர் முதுகையே சாமி என்று கும்பிட வேண்டியிருந்திருக்கும். ஒருநாளும் அப்படி நேரவில்லை. அதே சமயம், யாரையும் பார்த்து "தள்ளிக்கோ" என்று அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. தானே தள்ளிக்கொள்வார். அவ்வளவுதான்.

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தோம். அவர் சேலைப் பக்கம். நான் பில் போடுகிற மேஜை. மேஜை கொஞ்சம் உயரம், நான் கொஞ்சம் கம்மி. "பில்லு போடுத ஆள எங்கவே?" என்று என்னிடமே கேட்பார்கள். முதலாளி என் காலுக்கடியில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு கழுத்து வரைக்கும் தெரிந்தேன்.

அந்த முதலாளி அப்போதுதான் கடைக்குள் புதிதாக லைட் போட்டிருந்தார். அதன் கீழே விரித்தால் எந்தச் சேலையும் கல்யாணச் சேலை மாதிரி மினுங்கும். அண்ணாச்சிக்கு அந்த லைட்டைக் கண்டாலே ஆகாது. சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களைத் தெருவுக்குக் கூட்டிப் போய்விடுவார். ஒருதடவை கடையநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் மகளின் நிக்காஹுக்கு எடுக்க வந்தார். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைப் பிடித்துப்போய், "இதக் கட்டுங்க" என்றார்.

"வாப்பா, வெளிய வந்து ஒருக்கப் பாத்துருங்க."

"இங்கனயே நல்லாத்தானய்யா இருக்கு?"

"இங்கன நல்லாத்தான் இருக்கும். பிள்ள இங்கனயா கட்டிட்டு நிக்கப் போகுது?"

தெருவெளிச்சத்தில் மயில்கழுத்து, குளத்துப் பாசியாகிவிட்டது. பெரியவர் தாடியைத் தடவிவிட்டுக் கும்பிட்டார். கல்லாவிலிருந்து முதலாளியும் ஒரு கும்பிடு போட்டார். அது வேறு மாதிரிக் கும்பிடு. ஆனால் அந்தப் பெரியவர் அடுத்து வந்தபோது, பின்னால் ஒரு வண்டி நிறையச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து, "அந்த ஒசரமான தம்பி எங்க?" என்றுதான் கேட்டார். முதலாளி அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனுஷன் குடியிருந்த வீடு, தென்காசியிலேயே இருட்டான வீடாக இருந்ததுதான் வேடிக்கை.

அப்பா காலத்து ஓட்டு வீடு. முன்னால் தெருவெளிச்சம், பின்னால் கொல்லை வெளிச்சம், நடுவில் இருப்பதெல்லாம் குகை. அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. அதன் வாசல் நிலை எவனோ குள்ளனை நிறுத்தி அளவெடுத்த மாதிரி. எனக்கு மட்டும் அது பொருத்தமாக இருக்கும். அண்ணாச்சி தினமும் அதில் தலையை இடித்துக்கொள்வார். நெற்றியில் விபூதிக்கு மேலே எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும்.

அந்த வீட்டில் மதினியின், அதாவது அண்ணாச்சி மனைவியின், கையால் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் மதினி எப்படி இருப்பாள் என்று கேட்டால், நான் சொல்லக்கூடியது வளையல் போட்ட ஒரு கையும் ஒரு சிரிப்புச் சத்தமும்தான். முன்கூடமான பட்டாசலில் மாமனார் சாய்ந்திருப்பார், அடுக்களை வாசலில் மாமியார் உட்கார்ந்திருப்பாள். மருமகள் குனிந்தே வருவாள், குனிந்தே பரிமாறுவாள், குனிந்தே போவாள். அந்தக் காலத்து வழக்கம் அது. யாரும் அதைக் குனிவது என்று நினைக்கவே இல்லை.

ஒரு ஐப்பசியில் தன் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று வீரகேரளம்புதூருக்குப் போன மதினி, திரும்பி வரவில்லை.

கூட்டிவர அண்ணாச்சி போனார். துணைக்கு நானும் போனேன். மதினி கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அந்த இருட்டுக்குள்ள மட்டும் இனிமே என்னால வர முடியாது."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். பஸ்ஸில் திரும்பி வந்து, தென்காசியில் இறங்கினதும் அண்ணாச்சி சொன்னார்:

"தம்பி, இலஞ்சி ரோட்டுல அந்த எடம் கெடக்குல்லா? வீடு கட்டிருவோம். கரண்டு உள்ள வீடு."

அப்பாவும் அம்மாவும் மூத்த மகனோடு பழைய வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். புது வீட்டுச் சுவர் எழும்பியது. உயரமான சுவர், உயரமான வாசல், பெரிய பெரிய ஜன்னல். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள் என்றால், அண்ணாச்சி சுவரில் எங்கே லைட் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயர்மேன் இலஞ்சிக்காரர், வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவர். அவர் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

"ரூமுக்கு ஒண்ணு. மேல, நட்ட நடுவுல. வீடு பூரா வெளிச்சம். சோலி முடிஞ்சுது."

"நடுவுல யாருவே இருக்கா?" என்றார் அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"நடுவுல யாரு இருக்கான்னு கேக்கேன். அம்மி சுவரோரமா. கண்ணாடி சுவத்துல. சாமி மாடம் சுவத்துல. வீட்டுல ஒரு ஆளு ஒரு வேலையச் செய்யுதுன்னா சுவத்தப் பாத்துத்தான் செய்யுது. லைட்டு நடுவுல இருந்தா முதுகுலதான வெளிச்சம் விழும்? கையில அவ நெழலுதான விழும்?"

'அவ' என்ற சொல்லை வயர்மேன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"அப்போ எங்கனதான் போடச் சொல்லுதிய?"

"பாத்துச் சொல்லுதேன்."

அந்தப் 'பாத்துச் சொல்லுதேன்'தான் ஒரு சாரல் காலம் முழுக்க நடந்தது. ராத்திரியில் பார்க்கலாம்தான். ஆனால் கதவில்லாத வீட்டில் ராத்திரி பாம்பு வரும், எனக்குப் பயம். குற்றாலத்து சீசனில் மேகம் மலையிலிருந்து இறங்கிவிட்டால் பகல் மூணு மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிடும். அந்த மாதிரி நாளாகப் பார்த்து, முதலாளியிடம் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சாரலில் நனைந்தபடி இலஞ்சி ரோட்டுக்குப் போவோம். அண்ணாச்சி ஒரு மூங்கில் கம்பின் நுனியில் அரிக்கேன் விளக்கைக் கட்டித் தூக்கிப் பிடிப்பார். அந்த விளக்குதான் பல்பு. நான்தான் மதினி.

"ஏலே, அவளா இரி."

"எங்கன அண்ணாச்சி?"

"அங்கன, அரிவாமணைக்கு முன்னால. வெண்டைக்கா நறுக்கு."

"வெண்டைக்கா எங்க?"

"நெனச்சுக்கோ."

நான் இல்லாத வெண்டைக்காயை நறுக்குவேன். அவர் விளக்கை இடதுபுறம் கொண்டுபோவார், வலதுபுறம் கொண்டுபோவார், என் கையில் விழுகிற நிழலையே பார்ப்பார்.

"வலது கையால நறுக்குதியே. அவ எடது கைக்காரில்லா? எடது கையால நறுக்கு. வெளிச்சம் வலது பக்கத்துலருந்து வரணும்."

நிழல் கையிலிருந்து நழுவி அந்தப் பக்கம் போய் விழுந்ததும், சுவரில் கரித்துண்டால் ஒரு வட்டம் போடுவார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இப்படி நான் அம்மி அரைத்தேன், அரிசியில் கல் பொறுக்கினேன், பூ கட்டினேன். ஊசியில் நூல் கோக்கும்போது, "நூலைப் பல்லால கடி. அவ கடிப்பா" என்றார். கடித்தேன். கல்யாணம் ஆகாத பையன் நான். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சமயத்தில் யாராவது பெண்வீட்டார் இலஞ்சி ரோட்டில் போயிருந்தால், நான் இன்றைக்கு வரைக்கும் பிரம்மச்சாரியாக இருந்திருப்பேன்.

வயர்மேன் ஒருநாள் திடீரென்று உள்ளே வந்துவிட்டார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத பூவைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாக்கு மீசை நல்லா எடுப்பா இருக்கே!"

அண்ணாச்சி சிரித்தார். மதினி போனதிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

மேலே போடுகிற லைட் ஒன்றே ஒன்றுக்குத்தான் அவர் சம்மதித்தார். பட்டாசலில், அதுவும் நடுவில் இல்லை, அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில், உத்தரத்திலிருந்து வயரில் தொங்குகிற மாதிரி. கீழே தரையில் ரெண்டு இலைக்கு இடம் குறித்திருந்தார், பக்கத்தில் பக்கத்தில்.

"ரெண்டாவது எலை யாருக்கு?" என்றார் வயர்மேன். புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும் என்றிருந்த காலம்.

"விருந்தாளு வருவாங்கல்லா?" என்றார் அண்ணாச்சி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

கடைசியாக மிஞ்சியது கண்ணாடி. அதற்கு அவருக்கு எந்த வட்டமும் திருப்தியாகவில்லை. ஒரு விடுமுறை நாளில் கடை ஆட்கள் எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"வாலே, ஒரு எடத்துக்குப் போவோம்."

சீசனுக்கு மட்டும் திறக்கிற ஏதோ ஒரு பணக்காரர் பங்களா. ஈர வேட்டியோடு ரெண்டு பேர் வந்து நிற்பதைப் பார்த்ததும் காவல்காரருக்குச் சந்தேகம்.

"யாருவே நீங்க? என்ன வேணும்?"

"உள்ள கண்ணாடிக்கு லைட்டு போட்டிருக்காம்லா? அதப் பாக்கணும்."

"லைட்டா? எல்லாவனும் அருவியப் பாக்க வாரான், நீரு பட்டப் பகல்ல லைட்டப் பாக்க வந்தீராக்கும்?"

எப்படியோ உள்ளே விட்டார். ஆளுயரக் கண்ணாடி. மேலே லைட் இல்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, பால் நிறக் கண்ணாடிக் கூண்டுக்குள். அண்ணாச்சி என்னை முன்னால் நிறுத்தினார். காவல்காரர் சுவிட்சைப் போட்டார். மூக்கின் நிழல் இல்லை, கன்னத்தின் நிழல் இல்லை. முகம் முழுசாகத் தெரிந்தது. என் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தத் தப்பை நான் பண்ணவில்லை.

அண்ணாச்சி கண்ணாடிக்குள் என்னைத்தான் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"பழைய வீட்டுல அவ கைக்கண்ணாடியத் தூக்கிட்டு கொல்லைக்குப் போயித்தான் பொட்டு வைப்பா. மழையன்னைக்கு உள்ள நின்னே வைக்கணும். பொட்டு கோணலாப் போயிரும்."

பிறகு சொன்னார்: "கோணலா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

அதே மாதிரி ரெண்டு லைட், நடுவில் முகம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடி என்று முடிவானது. "எவ்வளவு ஒசரத்துல?" என்றார் வயர்மேன். அங்கேதான் அண்ணாச்சி திணறினார். கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தார். அதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மதினி நிற்கிறாள். அதிலிருந்து என்ன தெரியும்? வெளியே எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், அவள் நாலடி பின்னால் வருவாள். யோசித்து யோசித்து, மறுநாள் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, புடிச்சிட்டேன்! பழைய அடுக்களை நிலையில எனக்குத் தெனமும் இடிக்கும். அவளுக்கு இத்தன வருசத்துல ஒருநாளு இடிச்சதில்ல. ஒனக்கும் இடிக்கல. அப்போ நீயும் அவளும் ஒரே ஒசரம்!"

கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. நான் பில் போடுகிறவன், கணக்கில் நம்பிக்கை உள்ளவன். சுவரோரமாகப் போய் நின்றேன். என் கண்ணுக்கு நேராக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரி வட்டம் விழுந்தது. வயர்மேன் சுவரைத் துளைத்து மரக்கட்டை அடித்தார். நடுவில் என் முகத்துக்கு நேராகக் கண்ணாடி மாட்டியாயிற்று.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு மதினி வந்தாள். "பாக்க வாரேன்" என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன்காரர் கூட வந்திருந்தார். அவர் கையில் மதினியின் துணிப்பை. சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குத் திரும்பினாலும் திரும்பலாம், இருந்தாலும் இருக்கலாம் என்கிற பை. அண்ணன் அதைத் தரையில் வைக்கவே இல்லை. விருந்தாட்கள் போன பிறகும், ஜன்னலுக்கு வெளியே சாரல் இறங்கி இருட்டின பிறகும், வாசலில் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். அண்ணாச்சியின் கண் மனுஷர்களைப் பார்க்கவில்லை, அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுக்களையில் ஒரு சுவிட்ச் போட்டார். மதினி அரிவாமணைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இடது கையை நீட்டிப் பார்த்தாள். கையில் நிழல் இல்லை. தலையைத் திருப்பி வலதுபுறச் சுவரில் இருந்த பல்பைப் பார்த்தாள்.

"என் கைக்குத் தக்கனயா வச்சிருக்கிய?"

மதினி அம்மிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். பூ கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பட்டாசலில் தொங்குகிற லைட்டுக்குக் கீழே ரெண்டு இலைக்கு இடம் இருந்ததைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உட்கார்ந்திருக்கிற மதினியை அந்த மனுஷன் ஒரு நூல் பிசகாமல் தெரிந்துவைத்திருந்தார்.

கடைசியாகக் கண்ணாடி.

அண்ணாச்சி ரெண்டு லைட்டையும் போட்டார். மதினி போய் முன்னால் நின்றாள். மாமனார் இல்லாத, மாமியார் இல்லாத, நிலை தட்டாத வீடு. அவள் நிமிர்ந்து நின்றாள்.

கண்ணாடியில் முகம் இல்லை. கழுத்து இருந்தது. தாலிக்கயிறும் ரெண்டு பக்கத் தோளும் இருந்தன. அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த வெளிச்சம் மொத்தமும் அவள் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் முகம் அதற்கு மேலே, இருட்டில் இருந்தது.

நான் மதினியைப் பார்த்தேன். என்னைவிட ஒரு தலை உயரம். அண்ணாச்சியின் காதுக்குச் சமமாக அவள் காது.

"யார் ஒசரத்துக்கு இது?" என்றாள் மெதுவாக.

நான் இன்னும் குள்ளமாகிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

"அந்த நிலையில ஒனக்கு ஒருநாளும் இடிச்சதில்லையேட்டி" என்றார் அண்ணாச்சி.

மதினி அவர் நெற்றிப் புடைப்பைப் பார்த்தாள்.

"நான் குனிஞ்சு போனேன். அதான் இடிக்கல."

வெளியே கடைசி பஸ்ஸின் ஹாரன் சத்தம், திருப்பத்தில் கேட்டது. அண்ணன்காரர் பையைத் தோளுக்கு மாற்றினார். மதினி பழக்கத்தில் முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணாடியில் முகத்தைப் பார்க்கப் போனாள்.

"குனியாதட்டி!"

அண்ணாச்சி சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீ குனியாத. லைட்டு மேல ஏறட்டும்."

கரித்துண்டைத் தேடி எடுத்து வந்தார். வெள்ளையடித்த சுவர் என்றும் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு நேராகக் குறிக்கப் போனவர், கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். ரெண்டு பேர் கண்ணும் அநேகமாக ஒரே மட்டம். எத்தனை வருஷத்துக் கல்யாணம், அன்றைக்குத்தான் பெண் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் தலையைக் குனியவில்லை. அவர் திரும்பாமலேயே சொன்னார்:

"தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ. வெளிச்சத்த மறைக்கியே."

என்னிடமா? அவரா? ஆயுசில் யாரையும் தள்ளச் சொல்லாத மனுஷன். நான் தள்ளினேன். தள்ளித் தள்ளி வாசலுக்கே வந்துவிட்டேன். வெளியே சாரலில் அண்ணன்காரரும் நானும் நின்றோம். பஸ் வந்தது, கொஞ்சம் நின்றது, போய்விட்டது. உள்ளேயிருந்து மதினியின் சத்தம் மட்டும் வந்தது.

"அண்ணே, பை நனையுது. உள்ள கொண்டு வந்து வையி."

இதெல்லாம் நடந்து எத்தனையோ சீசன் போய்விட்டது. அண்ணாச்சி போய்விட்டார். அடுத்த வருஷமே மதினியும் அவர் பின்னால் போய்விட்டாள், எப்போதும்போல நாலடி விட்டு. அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல மாதிரி, எப்போது போனாலும் உள்ளே விடுவார்கள். அந்தச் சுவரில் பழைய மரக்கட்டையைப் பிடுங்கிச் சுண்ணாம்பு வைத்து அடைத்த ரெண்டு இடம், எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் லேசாகத் தெரிகிறது. நான் போய் நடுவில் நிற்பேன். ரெண்டும் என் கண்ணுக்கு நேராக இருக்கும். இந்த உலகத்தில் என் அளவுக்கு என்று யாராவது செய்துவைத்தது அது ஒன்றுதான். அதுவும் என்னை நினைத்துச் செய்தது இல்லை.

ஆனாலும், மலையிலிருந்து மேகம் இறங்கி மூணு மணிக்கே எங்கள் வீட்டுக்குள் இருட்டும்போது, என் மனைவி "லைட்டப் போடுங்களேன், ஏன் இருட்டுல இருக்கிய?" என்று சத்தம் போடுவாள். நான் போடுவதில்லை. கொஞ்ச நேரம் சுவரோரமாக, இடது கையில் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு மூங்கில் கம்பு வாசலில் நுழையாதா, அதன் நுனியில் ஒரு அரிக்கேன் ஆடிக்கொண்டு வராதா என்று இருக்கும்.

நான் அப்படியேதான் இருக்கிறேன் அண்ணாச்சி. ஒரு விரற்கடைகூட வளரவில்லை.